குற்றமில்லை, ஆனால் அனுமதியும் இல்லை

லிஸ்பன் நகரத்தில் போலீஸார் ஒருவரைச் சோதனையிடுகிறார்கள். சட்டைப் பையில் அரை கிராம் ஹெராயின். பொட்டலத்தை எடைபோட்டுப் பறிமுதல் செய்கிறார்கள். அவர் மீது குற்ற வழக்கு இல்லை, சிறையும் இல்லை. 72 மணி நேரத்துக்குள் ஒரு குழுவின் முன் ஆஜராக வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

போர்ச்சுகலில் 2001 ஜூலை 1 முதல் இதுதான் சட்டம். இதற்குக் குற்றநீக்கம் என்று பெயர். பலர் இதைச் சட்டபூர்வமாக்கல் என்று எண்ணிக் குழம்புகிறார்கள். சட்டபூர்வமாக்கினால் கடை திறந்து விற்கலாம், அரசு வரி வாங்கலாம். குற்றநீக்கத்தில் தடை அப்படியே நீடிக்கும். தடையை மீறியவர் விதிமீறியவர் ஆவாரே தவிர, குற்றவாளி ஆகமாட்டார்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. ஒருவர் 10 நாளுக்குப் பயன்படுத்தும் அளவைச் சட்டம் கோடாக வைத்தது: ஹெராயின் 1 கிராம், கோகெயின் 2 கிராம், கஞ்சா இலை 25 கிராம். விற்பனையும் கடத்தலும் இன்றைக்கும் சிறைக்கு அனுப்பும் குற்றங்களே.

பிடிபட்டவர் ஆஜராக வேண்டிய அந்தக் குழுவில் மூன்று பேர். ஒருவர் சட்டம் படித்தவர். மற்ற இருவர் மருத்துவம், உளவியல், சமூகப்பணி போன்ற துறைகளைச் சேர்ந்தவர்கள். எத்தனை காலமாகப் பழக்கம், வேலை இருக்கிறதா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கிறார்கள். போதைக்கு அடிமையானவர் சிகிச்சைக்குச் சம்மதித்தால் நடவடிக்கை நிறுத்திவைக்கப்படும். அடிமையாகாதவருக்கு அபராதம் விதிக்கலாம். நாளை வேலை தேடிப் போகும்போது குறுக்கே நிற்கும் குற்றப் பதிவு மட்டும் யாருக்கும் கிடையாது.

போர்ச்சுகல் இந்த வழிக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. 1990களில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வாழ்ந்த அந்த நாட்டில், நூற்றில் ஒருவர் ஹெராயின் பிடியில் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். ஊசியைப் பகிர்ந்ததால் எச்ஐவி பரவியது. பிடிபடுவோமோ என்ற பயம், நோயாளியை மருத்துவரிடமிருந்தும் விலக்கி வைத்தது. 1998இல் அமைந்த நிபுணர் குழு அந்தப் பயத்தை நீக்கச் சொன்னது. கூடவே சிகிச்சையைப் பெருக்கவும் சொன்னது. அரசு இரண்டையும் செய்தது. ஊசி வழியே பரவும் எச்ஐவி பெருமளவு குறைந்தது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலமும் 2021இல் இதே வழியில் இறங்கியது. அங்கே பிடிபட்டவர் கையில் 100 டாலர் அபராதச் சீட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். உதவி எண்ணை அழைத்தால் அபராதம் கட்ட வேண்டியதில்லை. பெரும்பாலோர் அழைக்கவில்லை. சிகிச்சை மையங்களுக்கான பணமும் தாமதமாகவே போய்ச் சேர்ந்தது. ஃபென்டனில் என்ற போதைப்பொருளால் சாவுகள் பெருக, மக்கள் பொறுமை இழந்தார்கள். 2024 செப்டம்பரில் போதைப்பொருள் வைத்திருப்பது அங்கே மறுபடியும் குற்றமானது.

குற்றநீக்கம் சட்டப் புத்தகத்தில் ஒரு தண்டனையை அடித்துவிடுவதோடு முடிவதில்லை. போலீஸ் விட்ட கையை மருத்துவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கான ஆளும் பணமும் முதலிலேயே தயாராக இருந்தால்தான் அந்தச் சட்டம் உயிரைக் காக்கும்.