சக்கரம் இல்லை, செயின் இல்லை. வெறும் பிரேம் 5 லட்சம்! காதர்பேட்டைக் கண்ணோடு பார்த்தால் ஏமாறாமல் வாங்கலாம்

திருப்பூர் ரெயில் நிலையத்தில் இறங்கிக் காதர்பேட்டைக்குள் நுழைந்தால் பனியனும் டி-சர்ட்டும் மூட்டை மூட்டையாய்க் கிடக்கும். "எக்ஸ்போர்ட் சர்பிளஸுங்களா, செகண்ட்ஸுங்களா?" என்று கேட்டு, துணியை இரண்டு விரலால் தேய்த்து, தையலை இழுத்துப் பார்த்து, லேபிளைத் திருப்பிப் பார்த்து, அப்புறம்தான் ஆள் விலையே கேட்பார். நூறு ரூபாய் சரக்குக்கு இத்தனை சோதனை!

இதே ஆள், பையன் ஆசைப்படுகிறான் என்று பந்தய சைக்கிளுக்குப் பிரேம் வாங்கப் போனால் கதை வேறு. செல்போனில் ஒரு படம். கறுப்பாய், கத்தி மாதிரி ஒரு சட்டம். "உள்ளூரில் கிடைக்காது, அட்வான்ஸ் போடுங்கள்" என்று ஒரு சேதி. பணம் போய்விடுகிறது!

டைம் டிரையல் பந்தயத்துக்கான பிரேம்தான் இப்படி ஆளை மயக்குகிறது. பெரிய கம்பெனிகளின் உயர்ந்த ரகப் பிரேம், முன் போர்க்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாயைத் தாண்டும். சக்கரம், கியர், பிரேக் எல்லாம் அதற்கு மேல் தனிக் கணக்கு.

காற்றோடு மல்லுக்கட்டு

டைம் டிரையல் என்றால் கூட்டமாய் ஓட்டுவது அல்ல. ஒவ்வொருவராய் இடைவெளி விட்டு அனுப்புவார்கள். முன்னால் போகிறவன் முதுகில் ஒண்டிக்கொள்ள முடியாது. எதிரி கடிகாரம், தடை காற்று.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சமதரையில் போகிறவனின் உழைப்பில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் காற்றைப் பிளக்கவே செலவாகிறது. 40-ஐ 44 ஆக்க வேண்டுமா? காற்றுக்குக் கொடுக்கும் சக்தியை மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். நாலு கிலோ மீட்டர் கூடுதல் வேகத்துக்கு இவ்வளவு பெரிய வரி!

அந்தக் காற்றை அதிகம் தடுப்பது சைக்கிள் அல்ல. மேலே உட்கார்ந்திருக்கும் உடம்பு. விளம்பரத்தில் இது கொட்டை எழுத்தில் வருவதில்லை.

1989-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் கடைசி நாள். வெர்சாயிலிருந்து பாரீஸ் வரை 24.5 கி.மீ. டைம் டிரையல். அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் 50 வினாடி பின்தங்கி இருந்தார். பிரான்ஸ் வீரர் லாரன்ட் பினோன் ஜெயித்த மாதிரிதான் என்று ஊரே நினைத்தது. லெமாண்ட் ஹேண்டில்பாரில் முன்னால் நீண்ட ஒரு கம்பியைப் பூட்டி, முழங்கைகளைச் சேர்த்து வைத்துக் குனிந்து ஓட்டினார். மூன்று வாரப் பந்தயம் 8 வினாடியில் அவர் கைக்கு வந்தது!

முதலில் உடம்பு எப்படிக் குனியும் என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிரேம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

90 சைஸ் யாருடைய 90?

பனியன்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு கம்பெனியின் 'எம்' இன்னொரு கம்பெனியில் 'எல்' ஆகிவிடும். அதனால்தான் எக்ஸ்போர்ட் ஆர்டரில் சைஸ் பேரை யாரும் நம்புவதில்லை. மார்பு இத்தனை சென்டி மீட்டர், நீளம் இத்தனை என்று அளவுச் சீட்டு கேட்பார்கள்.

பிரேமிலும் அதே கூத்து. 54 என்று ஒட்டியிருப்பதை நம்பக்கூடாது. கேட்க வேண்டியது இரண்டு அளவு. பெடல் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து, ஹேண்டில்பார் நுழையும் குழாயின் மேல்முனை வரை செங்குத்தாக எத்தனை உயரம்? அது ஸ்டேக். அதே இரண்டு இடத்துக்கும் நடுவே கிடையாக எத்தனை தூரம்? அது ரீச். இந்த இரண்டையும் எழுத்தில் தராத தயாரிப்பாளரிடம் பேச்சே வேண்டாம்.

சரி, பையனுக்கு எத்தனை வேண்டும் என்று எப்படித் தெரியும்? இருக்கிற சாதா ரேஸ் சைக்கிளிலேயே கிளிப் கம்பி பூட்டி, விவரம் தெரிந்தவரை வைத்து உட்காரும் நிலையைச் சரிசெய்ய வேண்டும். ஒரு மணி நேரம் அப்படியே ஓட்டிக் காட்டட்டும். கழுத்து பிடிக்கிறதா? தொடை வயிற்றில் இடிக்கிறதா? மூச்சு முட்டுகிறதா? எல்லாம் சரி என்றான பிறகு சீட்டின் உயரம், சீட் முனை அச்சுக்கு எத்தனை பின்னால், முழங்கை வைக்கும் மெத்தை எத்தனை உயரம், எத்தனை தூரம் என்று டேப் பிடித்து எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்தச் சீட்டுதான் கையில் இருக்கும் ஆயுதம். "இந்த அளவு உங்கள் பிரேமில் எந்த சைஸில் வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். நல்ல தயாரிப்பாளர் கணக்குப் போட்டுப் பதில் அனுப்புவார். அதிலும் ஒரு சூட்சுமம்: மெத்தையை ஏற்றி இறக்கும் எல்லையின் நடுவில் அந்த அளவு விழ வேண்டும். ஆகக் கீழே இறக்கினால்தான் வரும் என்றால், நாளைக்கு இன்னும் கொஞ்சம் குனிய வழியில்லை.

வாஷிங் மெஷின் பேரிங்

தயாரிப்பாளரே வேண்டாம் என்று தானே பிரேம் செய்துகொண்ட ஒரு மகராசனும் உண்டு. ஸ்காட்லாந்து வீரர் கிரேம் ஓப்ரி. தன் முழங்கால் இடிக்கக்கூடாது என்று மேல் பாரையே எடுத்துவிட்டார். கால்கள் நெருங்கிச் சுற்ற வேண்டும் என்று பெடல் அச்சைக் குறுக்கினார். அதில் போட்டது வாஷிங் மெஷினில் இருந்து கழற்றிய பேரிங்! கைகளை மார்புக்கு அடியில் மடக்கிக்கொண்டு ஓட்டுவார். அந்த சைக்கிளுக்கு 'ஓல்டு பெய்த்புல்' என்று பெயர்.

1993 ஜூலை 16-ல் நார்வே நாட்டின் ஹாமர் நகரில், ஒரு மணி நேரத்தில் அதிகத் தூரம் ஓட்டும் சாதனைக்கு இறங்கினார். இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர் 1984-ல் வைத்த 51.151 கி.மீ.-ஐத் தாண்ட வேண்டும். அன்று ஓட்டியது அவருடைய சைக்கிள் அல்ல; அதைப் பார்த்து நேர்த்தியாய்ச் செய்த நகல். கிட்டத்தட்ட ஒரு கிலோ மீட்டர் குறைந்துபோனது.

ஆள் விடவில்லை. கால் மரத்துப்போகக்கூடாது என்று வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தாராம். எழுந்து எழுந்து போகும்போதெல்லாம் காலை நீட்டி மடக்கலாமே! மறுநாள் காலை தன் பழைய சைக்கிளையே எடுத்தார். 51.596 கி.மீ. உலக சாதனை!

ஆறே நாளில், ஜூலை 23-ல், இங்கிலாந்தின் கிறிஸ் போர்டுமேன் பிரான்சில் 52.270 கி.மீ. ஓட்டி அதை முறியடித்தார். இவருடைய பிரேம் கதையும் சுவாரசியம்தான். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இவர் தங்கம் வாங்கியது லோட்டஸ் கார் கம்பெனி செய்த கார்பன் சைக்கிளில். அதன் மூல வடிவம் மைக் பர்ரோஸ் என்பவருடையது. அதைத் தூக்கிக்கொண்டு அவர் சைக்கிள் கம்பெனிகளிடம் போனபோது ஒருவரும் சீந்தவில்லை. கடைசியில் செய்தது கார் கம்பெனி!

ஸ்டிக்கர் இருக்கா?

ஓப்ரியின் ஆட்டம் நீடிக்கவில்லை. உலக சைக்கிள் சங்கமான யு.சி.ஐ. அந்த உட்காரும் முறைக்கே தடை போட்டது. 1994-ல் இத்தாலியில் நடந்த உலகப் போட்டியில் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். வேறொரு முறையில் கையை முன்னால் நீட்டி ஓட்டினார். அதுவும் 1996-ல் தடை. அந்த ஆண்டு எழுதப்பட்ட லுகானோ சாசனத்தின் விதிகள் 2000-ல் நடைமுறைக்கு வந்தபோது, இரண்டு முக்கோணம் சேர்ந்த பழைய சைக்கிள் வடிவம்தான் செல்லும் என்றாகிவிட்டது. சைக்கிள் மொத்த எடை 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது.

லட்சம் கொடுத்து வாங்குகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். டிரையத்லான் போட்டிக்கென்று விற்கும் சில பிரேம்களில் சீட் குழாயே இருக்காது. பார்க்க ராக்கெட் மாதிரி இருக்கும். நெடுந்தூர டிரையத்லானில் ஓட்டலாம், யு.சி.ஐ. விதிப்படி நடக்கும் டைம் டிரையலில் ஓட்ட முடியாது. ஸ்டார்ட்டிங் லைனுக்கு முன்பே அளவுச் சட்டத்தில் வைத்துப் பார்த்து ஓரங்கட்டிவிடுவார்கள். 2011 முதல் புதிதாக வரும் பிரேம்களுக்கு யு.சி.ஐ. ஒப்புதல் முத்திரை உண்டு. விற்பவர் "அதெல்லாம் ஓகே சார்" என்பார். முத்திரையின் போட்டோவும், எந்த சைஸுக்கு ஒப்புதல் என்பதும் எழுத்தில் வேண்டும்.

லேபிள் மாறிய சரக்கு

ஒரே பட்டறையில் தைத்த டி-சர்ட்டில் நாலு கம்பெனி லேபிள் ஏறுவது காதர்பேட்டைக்குப் புதிதா என்ன? கார்பன் பிரேமிலும் ஒரே அச்சில் வார்த்ததைப் பல பெயர்களில் விற்கிறார்கள். அதனால் மட்டும் சரக்கு மட்டம் என்று சொல்லிவிட முடியாது. விலை குறைவாய் நல்ல பிரேமும் கிடைக்கும். ஆனால் பெயருக்காக இரட்டை விலை கொடுப்பானேன்? எந்தத் தொழிற்சாலை, என்ன சோதனை செய்தீர்கள், உடைந்தால் யார் பொறுப்பு? கேட்டால் தெரிந்துவிடும்.

சின்னச் சாமானில்தான் பெரிய வம்பு. பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் என்று ஒரு குட்டித் துண்டு. சைக்கிள் கீழே சாய்ந்தாலே வளையும். ஒவ்வொரு பிரேமுக்கும் ஒவ்வொரு மாதிரி. அது இல்லாவிட்டால் 5 லட்சம் ரூபாய் வண்டி மூலையில்தான் நிற்கும்! பிரேமோடு இரண்டு ஹேங்கர் சேர்த்து வாங்கிவிட வேண்டும். சீட் கம்பியும் ஹேண்டில் அடிப்பாகமும் அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவமாய் இருந்தால், ஐந்து வருஷம் கழித்து உதிரி கிடைக்குமா என்பதையும் இப்போதே கேட்க வேண்டும். எத்தனை அகல டயர் நுழையும் என்பதும் முக்கியம். நம்ம ஊர் ரோட்டில் மெல்லிய டயரோடு காலம் தள்ள முடியாது. கை முன்கம்பியில் இருக்கும்போது பிரேக் விரலுக்கு எட்டாது என்பதைப் பெற்றோர் மறக்கக்கூடாது. நாயும் ஸ்பீடு பிரேக்கரும் நிறைந்த தெருவில் இந்த வண்டி ஓட்டும் வேலையே வேண்டாம்.

கார்பன்தான் வேண்டும் என்றில்லை. அளவெடுத்து ஸ்டீல் குழாயில் பிரேம் செய்து தருபவர்களும் உண்டு. இங்கிலாந்தின் ரேனால்ட்ஸ் கம்பெனி 1935-ல் கொண்டுவந்த 531 ரகக் குழாயில் எத்தனையோ பந்தயங்கள் ஜெயிக்கப்பட்டன. அந்த ரேனால்ட்ஸ், டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்ததாக இருந்தது. அதே குழுமத்தோடு கூட்டு வைத்துத்தான் 1949-ல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பித்தார்கள். அப்பா ஓட்டிய ஹெர்குலிஸுக்கும் அந்தப் பந்தயக் குழாய்க்கும் தூரத்து உறவு!

அளவெடுத்துச் செய்பவர் முதலில் வரைபடம் அனுப்புவார். பனியனுக்கு அப்ரூவல் சாம்பிள் எப்படியோ, இதற்கு வரைபடம் அப்படி. "டிராயிங் அனுப்புங்க தம்பி, பார்த்துட்டுச் சொல்றேனுங்க" என்று சொல்லிவிட்டு, அளவுச் சீட்டோடு ஒவ்வொரு எண்ணாய் ஒத்துப் பார்க்க வேண்டும். கையெழுத்துப் போட்டுக் குழாய் வெட்டியாகிவிட்டால் துணி கட்டிங் போன மாதிரிதான், திரும்பாது. முழுப் பணமும் முன்னால் கொடுக்கக்கூடாது. அட்வான்ஸ் கொஞ்சம், வெல்டிங் முடிந்த போட்டோ வந்ததும் கொஞ்சம், மீதி சரக்கு கிளம்பும்போது. டெலிவரி தேதியும், தவறினால் என்ன என்பதும் எழுத்தில் இருக்கட்டும். பெயின்ட் நிறத்தைக் கடைசியில் மாற்றச் சொல்லிவிட்டு "லேட் பண்றாங்க" என்று புலம்புவதில் நியாயம் இல்லை.

வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால் சுங்க வரியும், ஐ.ஜி.எஸ்.டி.யும், கூரியர் கட்டணமும் சேரும். அதைவிட முக்கியம், தகராறு வந்தால் யாரைப் பிடிப்பது? 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். திருப்பூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 1915 என்ற எண்ணுக்குப் போன் போட்டும் புகார் சொல்லலாம். ஆனால் இந்தியாவில் ஆபீசோ டீலரோ இல்லாத கம்பெனியைக் கடல் தாண்டித் துரத்துவது லேசான காரியம் அல்ல. கொஞ்சம் விலை கூடினாலும் ரசீது தரும் டீலர் நல்லது. வாரண்டி முதல் சொந்தக்காரருக்கு மட்டும் என்பது பெரும்பாலான கம்பெனிகளின் விதி. ஆகவே செகண்ட் ஹேண்ட் பிரேமில் 'வாரண்டி பாக்கி இருக்கு' என்ற பேச்சை நம்பிப் பணம் கொடுக்கக்கூடாது.

பெட்டி வந்ததும் கூரியர்காரர் கையெழுத்துக்கு அவசரப்படுத்துவார். அட்டையில் குத்தலோ நசுங்கலோ இருந்தால் அதை அவர் சீட்டிலேயே எழுதி வாங்க வேண்டும். பிரிக்கும்போது ஒருவர் செல்போனில் படம் பிடிக்கட்டும். பிரேமில் உள்ள வரிசை எண் ரசீதில் இருக்கிறதா, பின் சக்கரம் மாட்டினால் நடுவில் நிற்கிறதா, அச்சுத் துளையில் மரை சுத்தமாய் ஏறுகிறதா என்று பார்த்து, ஸ்டேக்கையும் ரீச்சையும் மறுபடி டேப் பிடித்து அளந்த பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடலாம். ஒரு பாகம் பூட்டிவிட்டால் பல கம்பெனிகள் பிரேமைத் திரும்ப எடுப்பதில்லை.