தேயிலை மலையில் ஒரு நாள் ரயில் பயணம்!

குட்டீஸ், கொடைக்கானலுக்கு ரயிலில் போக முடியுமா? 'கொடைக்கானல் ரோடு' என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறதே என்பீர்கள். அது சமவெளியிலேயே இருக்கிறது. அங்கிருந்து மலைக்கு பஸ்தான்!

ஆனால், பக்கத்து நாடான இலங்கையில், நம் வடமதுரை வழியாக ஓடும் ரயிலுக்கு இருப்பது போன்ற அகலப் பாதையிலேயே ரயில் 6,000 அடிக்கு மேல் ஏறிவிடுகிறது.

கொழும்பிலிருந்து பதுளை வரை செல்லும் இந்தப் பாதையின் நீளம் சுமார் 290 கி.மீ. 1867-ல் கண்டிக்கு வந்த ரயில், மலைகளைக் குடைந்து பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது.

ஜன்னல் ஓரம் உட்காருங்க!

சுற்றுலா செல்பவர்கள் பெரும்பாலும் காலையில் கண்டியில் ஏறுவார்கள். நாவலப்பிட்டியைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பம். ரயில் மெதுவாக வளைந்து வளைந்து ஏறும். அட்டன், தலவாக்கலை, நானுஓயா... ஸ்டேஷன் பலகைகளில் சிங்களம், ஆங்கிலத்தோடு தமிழும் இருப்பதால் நீங்களே படித்துவிடலாம். இரு பக்கமும் சீப்பால் வாரியது போலத் தேயிலைச் செடிகள். தூரத்தில் வெள்ளிக் கோடாய் அருவி.

பட்டிப்பொலதான் மிக உயரமான ஸ்டேஷன். சுமார் 6,200 அடி. ஸ்வெட்டர் அவசியம்!

எல்ல என்ற ஊரைத் தாண்டினால் ஒன்பது வளைவுப் பாலம். 1921-ல் கல், செங்கல், சிமென்ட் கொண்டு கட்டியது. இரும்பே சேர்க்கவில்லை! அடுத்தது தெமோதரை. அங்கே ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் ரயில், மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் உள்ள சுரங்கத்தில் நுழைந்து போகும்!

பச்சைக்குப் பின்னால்...

இவ்வளவு சிரமப்பட்டு மலைக்கு ஏன் ரயில் விட்டார்கள்? முதலில் காப்பி மூட்டைகளையும், பிறகு தேயிலையையும் கொழும்பு துறைமுகத்துக்குக் கொண்டுபோகத்தான். 1869-ல் பரவிய ஒரு நோயால் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. அதற்கு முன்பே, 1867-ல், ஜேம்ஸ் டெய்லர் என்பவர் கண்டி அருகே தேயிலை பயிரிட்டிருந்தார். அதுவே மலை முழுவதும் பரவியது.

காட்டைத் திருத்தி அந்தத் தோட்டங்களை உருவாக்கியவர்கள் யார் தெரியுமா? மதுரை, திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து பிழைக்கப் போன நம் ஊர் மக்கள்! படகில் கடலைக் கடந்து, காட்டு வழியே நடந்தே மலை ஏறினார்கள். நோயாலும் பசியாலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். பின்னாளில் திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடிக்கு ரயிலில் போய்க் கப்பல் ஏறினார்கள். ஆம், வடமதுரை வழியாகச் செல்லும் அதே பாதைதான்!

இத்தனை உழைத்தும், 1948-ல் வந்த சட்டத்தால் அவர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லாமல் போனது. அந்தக் குறையை முழுமையாகத் தீர்க்க 2003-ல்தான் சட்டம் வந்தது. 2023-ல், மலையகத் தமிழர் வரலாற்றின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்து சென்றார்கள். முன்னோர் நடந்த வழி அது!

போகும் முன்...

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையால் மலைப் பாதை பல இடங்களில் சேதமடைந்தது. எனவே, ரயில் எதுவரை ஓடுகிறது என்று விசாரித்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.

பயணத்தில் அருவியைப் பாருங்கள், பாலத்தைப் பாருங்கள். கூடவே, முதுகில் கூடையோடு சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் அக்காக்களையும் பாருங்கள். கை அசைத்து, தமிழிலேயே வணக்கம் சொல்லுங்கள், குட்டீஸ்!