அச்சு மறைத்த கோடுகள்

முடிச்சு முடிச்சாகக் கயிறுகள், கப்பிகள், ஆடும் பலகைகள். அற்ப வேலை ஒன்றுக்காகப் பூட்டிய பிரம்மாண்ட எந்திரம். முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல் அதை இயக்கும் வழுக்கைத்தலைக் கனவான்கள். ஆங்கிலேய நகைச்சுவை ஓவியர் வில்லியம் ஹீத் ராபின்சன் (1872–1944) படைத்த இந்த உலகம் ‘தி ஸ்கெட்ச்’, ‘தி பைஸ்டாண்டர்’ போன்ற லண்டன் இதழ்களில் வெளிவந்தது. 1943இல் ஜெர்மானியச் சங்கேதங்களை உடைக்க பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க் மையத்தில் அமைத்த கருவி ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அவருடைய படங்கள் பழைய இதழ்களிலும் நூல்களிலும் கிடைக்கும்போது, அவர் கைபட்ட மூலத்தாளை ஏன் தேடிச் சேகரிக்க வேண்டும்? அந்தக் கால அச்சுமுறையைப் பார்த்தால் விடை தெரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பத்திரிகை ஓவியர்கள் பெரும்பாலும் மரக்கட்டைமீதே வரைந்தார்கள். செதுக்குபவர் கட்டையைக் குடைந்ததும் மூலம் அந்த வேலையிலேயே அழிந்தது. தாளில் வரைந்ததைப் புகைப்படமெடுத்து உலோக பிளாக் செய்யும் முறை பரவிய பிறகே மூலங்கள் பிழைத்தன. ஆனால் நீர்த்த மையின் சாம்பல் சாயல்களை அச்சு அப்படியே தராது. நுண்வலைத் திரை வழியாகப் படமெடுத்து அவற்றைச் சிறிதும் பெரிதுமான புள்ளிகளாக்கினார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் அச்சுப்படம் புள்ளிகளாகச் சிதறும், மூலத்தில் தூரிகையின் ஓட்டம் அறுபடாது. சேகரிப்பவரின் முதல் சோதனை இது. வெள்ளை வண்ணம் பூசித் திருத்திய இடமும் பென்சில் தடமும் மூலத்தில்தான் தெரியும். ஒவ்வொரு கயிறும் அடுத்ததை இழுத்தால்தான் நகைச்சுவை பிறக்கும் படத்தில், இடம் மாற்றிய ஒரு கயிறு ஓவியரின் யோசனையையே காட்டிக்கொடுக்கும்.

அச்சுக்காகவே வரைந்ததால் அச்சுப்பக்கமே முழுப் படைப்பு, மூலம் வெறும் இடைநிலை என்று வாதிடலாம். அதில் பாதி உண்மை உண்டு: வாசகர் பார்த்ததும் சிரித்ததும் அந்தப் பக்கத்தைத்தான். ஆகவே இதழையும் மூலத்தையும் அருகருகே வைத்துப் படிப்பதே நல்ல சேகரிப்பு. பக்கம் முடிவைச் சொல்லும், தாள் வழியைச் சொல்லும். தனியார் கைக்குப் போனால் கலை பெட்டிக்குள் முடங்கிவிடும் என்ற அச்சமும் நியாயமானதே. ஆனால் பாதுகாத்தவர்கள் இருந்ததால்தான் பொதுமக்களுக்கும் அவை கிடைக்கின்றன. ஹீத் ராபின்சன் ஒருகாலத்தில் வாழ்ந்த, ‘பின்னர்’ (Pinner) என்ற லண்டன் புறநகரில் 2016இல் திறந்த அருங்காட்சியகத்துக்கு, அவர் குடும்பத்தார் காத்துவைத்த மூலங்களே அடித்தளம். வெயில் படாமல், அமிலமற்ற அட்டையில் ஒரு தாளைக் காப்பவர், ஓவியரின் கை யோசித்த தடத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறார்.