தென்னை மட்டையைத் தூளாக்கும்போது கையைக் காப்போம்

சரவணம்பட்டியைத் தாண்டிச் சத்தி சாலையில் கோவில்பாளையம், அன்னூர் பக்கம் செல்வோர் இன்றும் தென்னந்தோப்புகளைக் காணலாம். 25 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 70 மரங்கள். மரம் ஒன்று மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மட்டையை உதிர்க்கிறது. ஆகவே ஏக்கருக்கு ஆண்டில் சுமார் 840 மட்டைகள் சேரும். இவற்றைக் கொளுத்தாமல் தூளாக்கி வட்டப் பாத்தியில் மூடாக்காக இட்டால் மண்ணின் ஈரம் காக்கப்படும். நாளடைவில் மக்கி உரமாகும். இதற்கு டிராக்டரால் இயங்கும் தூளாக்கும் இயந்திரம் உதவுகிறது. ஆனால் மட்டையை வெட்டும் கத்தி கையையும் வெட்டும் என்பதை மறத்தல் கூடாது.

ஆபத்து எங்கே?

டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று சுற்றுகிறது. கையை இழுக்க நினைக்கும் அரை நொடிக்குள் நான்கைந்து சுற்று முடிந்துவிடும். எஞ்சினை நிறுத்திய பின்னரும் கனமான கத்தி உருளை சிறிது நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். எனவே அடைப்பை எடுக்கும் நேரமே மிகவும் ஆபத்தான நேரம்.

கதிரடிக்கும் இயந்திரங்களில் உழவர்கள் பலர் கை இழந்ததால்தான் 1983இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. அங்கு கற்ற பாடம் இங்கும் பொருந்தும்: தோள்வரை கையை நீட்டினாலும் கத்தியைத் தொடாத அளவுக்கு ஊட்டுவாய் நீளமாக இருத்தல் வேண்டும்.

வேலைக்கு முன்

1. இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்கவும்.
2. பி.டி.ஓ. தண்டு, பெல்ட் ஆகியவற்றுக்கு மூடி இல்லாத இயந்திரத்தை வாடகைக்கு எடுக்க வேண்டாம்.
3. தொங்கும் துண்டு, தளர்ந்த வேட்டி, சேலை முந்தானை, வளையல் ஆகியவற்றுடன் அருகில் செல்லக் கூடாது. கண்ணாடியும் காலணியும் அணிய வேண்டும்.
4. மட்டைகளில் கம்பி, ஆணி, கல் இருந்தால் நீக்கவும்.
5. தூள் வெளிவரும் திசையில் ஆட்களோ குழந்தைகளோ கால்நடைகளோ நிற்கக் கூடாது.

ஓடும்போது

மட்டையின் அடிப்பக்கத்தை முதலில் செலுத்துங்கள். ஊட்டுவாய்க்கு நேரே நில்லாமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். உருளை மட்டையைப் பற்றியவுடன் கையை விட்டுவிடுங்கள். உள்ளே இழுபடும் மட்டையின் நுனி பக்கவாட்டில் வீசி அடிக்கும். துண்டு மட்டைகளைக் கையால் தள்ளாமல், அடுத்த மட்டையாலோ நீண்ட மரக்குச்சியாலோ தள்ளுங்கள். டிராக்டர் அருகில் எப்போதும் ஓர் ஆள் இருத்தல் வேண்டும்.

அடைத்துக்கொண்டால்

முதலில் பி.டி.ஓ.வைத் துண்டியுங்கள். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, அடைப்பை எடுப்பவரே தம் மடியில் வைத்துக்கொள்ளட்டும். உருளை முழுவதும் நின்றதைக் கண்ணால் பார்த்த பின்னரே மூடியைத் திறக்கவும்.

விபத்து நேர்ந்தால்

காயத்தைச் சுத்தமான துணியால் இறுக அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்து, உடனே 108ஐ அழையுங்கள். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டிமேல் வைத்து எடுத்துச் செல்லவும். விரல் நேரடியாகப் பனிக்கட்டியில் படக் கூடாது. காலம் தாழ்த்தாவிடில் அதைப் பொருத்த வாய்ப்புண்டு.

அடைப்புக்காக இயந்திரத்தை நிறுத்துவதால் போவது ஐந்து நிமிடம். அதை மிச்சம் பிடிக்கப் போய்க் கையை இழந்தால், பண்ணையம் பார்ப்பது எப்படி?