வானத்துக் குப்பைக்கு லேசர் அடி!

2021-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி. பூமிக்கு மேலே 250 மைல் உயரத்தில், சர்வதேச விண்வெளி நிலையத்தில் 7 பேர் இருந்தார்கள்.

தரையில் இருந்து அவசர எச்சரிக்கை வந்தது. 7 பேரும் தங்கள் விண்கலங்களுக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார்கள். (ஓடிப் போய் அல்ல, அங்கே மிதந்துதான் போகமுடியும்!) நிலையம் உடைந்தால், உயிரோடு பூமிக்குத் திரும்ப அதுதான் வழி.

அவர்களை மிரட்டியது எது? குப்பை!

ரஷியா தன் பழைய செயற்கைக் கோள் ஒன்றை ஏவுகணையால் அடித்து நொறுக்கியது. அதில் சிதறிய துண்டுகள்தான் அவை. நல்லவேளை, யாருக்கும் காயம் இல்லை.

வர்ணத் துணுக்கு

"சின்னத் துண்டு என்ன செய்துவிடும்?" என்று கேட்கலாம். அது மணிக்கு 17 ஆயிரத்து 500 மைல் வேகத்தில் பறக்கிறதே!

1983-ம் ஆண்டு "சேலஞ்சர்" விண்கலத்தின் ஜன்னல் கண்ணாடியில் குழி விழுந்தது. மோதியது, எதிலிருந்தோ உரிந்த வர்ணத்தின் ஒரு துணுக்கு! கண்ணாடியையே மாற்றவேண்டியதாயிற்று.

பெரிய துண்டுகள் வருவது முன்கூட்டியே தெரியும், விலகிக்கொள்ளலாம். நெல்லிக்காய் அளவுத் துண்டுகள்தான் பொல்லாதவை. சாதாரண ராடாருக்குத் தப்பிவிடும், கவசத்தையும் துளைத்துவிடும்.

வாணம் போல...

இவற்றை நுட்பமான ராடாரால் தேடிப்பிடித்து, தரையில் இருந்தே லேசர் ஒளியால் விரட்டலாம் என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

லேசர் துண்டை அப்படியே பொசுக்கிவிடுமா? இல்லை. எதிரே வரும் துண்டின் முகத்தில் விட்டுவிட்டு ஒளியைப் பாய்ச்சவேண்டும். மேல்தோல் மட்டும் ஆவியாகிப் பீறிடும். தீபாவளி வாணம் நெருப்பைக் கீழே கக்கி மேலே பாய்கிறது அல்லவா? அதுபோல ஆவி முன்னே பீறிட, துண்டு பின்னே தள்ளப்படும். வேகம் குறையும்; கீழே இறங்கும்; காற்று மண்டலத்தில் எரிந்துபோகும்!

இது முடியக்கூடியதே என்று 1996-ம் ஆண்டிலேயே அமெரிக்காவின் "நாசா" ஆய்வு கூறிவிட்டது. ஆஸ்திரேலியாவில் ஸ்ட்ரோம்லோ மலையில் இருந்து லேசர் ஒளியை அனுப்பி, குப்பை இருக்கும் தூரத்தை அளந்தும் காட்டிவிட்டார்கள். ஆனால் ஒரு துண்டுகூட இன்னும் இப்படி வீழ்த்தப்படவில்லை.

ஏன்? குப்பையைத் தள்ளும் லேசர், அடுத்த நாட்டின் செயற்கைக் கோளையும் கெடுத்துவிடலாமே! அந்தச் சந்தேகம்தான் பெரிய முட்டுக்கட்டை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1967-ம் ஆண்டு உடன்படிக்கைப்படி, விண்வெளியில் விட்ட பொருள் உடைந்தாலும் உரியவருக்கே சொந்தம். தொடவேண்டுமானால் அனுமதி கேட்கவேண்டும். பறக்கிற ஆணியில் பெயரா எழுதியிருக்கிறது, யாரிடம் போய்க் கேட்பது?