உணவுக்குழாயில் எண்டோஸ்கோப் இறங்க மறுக்கும்போது

சுருக்கம் காரணமாக எண்டோஸ்கோப்பி முழுமையடையவில்லை என்று அறிக்கையில் கண்டால் பலர் கலங்குகின்றனர். மருத்துவர் பாதியில் நிறுத்துவது பெரும்பாலும் பாதுகாப்புக்காகவே. சுருங்கிய இடத்தில் அழுத்தித் தள்ளினால் உணவுக்குழாயின் சுவர் கிழியக்கூடும்.

வழக்கமான எண்டோஸ்கோப்பின் தடிமன் ஏறத்தாழ 9 முதல் 10 மி.மீ. அது நுழையாதபோது 5 அல்லது 6 மி.மீ. தடிமனுள்ள கருவியைப் பயன்படுத்துகிறோம். அதுவும் இயலாவிடில், மெல்லிய வழிகாட்டிக் கம்பியை எக்ஸ்-ரே திரையில் பார்த்தபடி முதலில் செலுத்தி, அதன் வழியே பலூனைக் கொண்டுசென்று அடைப்பைச் சிறிது சிறிதாக விரிக்கிறோம். ஒரே நாளில் முழுவதும் விரித்துவிடுமாறு குடும்பத்தார் கேட்பதுண்டு. அமிலம் குடித்து வெந்து தழும்பேறிய உணவுக்குழாயில் அந்த அவசரம் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவேதான் இடைவெளி விட்டுப் பலமுறை வரச்சொல்கிறோம்.

முதியோர் சிலருக்குத் தொண்டையின் பின்புறம் பை போன்ற புடைப்பு இருக்கும். கருவி வழிதவறி அதற்குள் செல்லக்கூடும். உண்ட உணவு நெடுநேரம் கழித்துச் செரிக்காமல் வாய்க்குத் திரும்புமாயின் முன்கூட்டியே கூறுங்கள். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்வோரும் அதனை மறைக்கலாகாது.

விரித்தபின் கடும் நெஞ்சுவலி, காய்ச்சல், மூச்சுத்திணறல், கழுத்து வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், எதையும் உண்ணாமல், விடியும்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.