மலைக்காட்டுத் தீயும் வௌவாலும்

மாசி பிறந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்து மலைச்சரிவில் ராத்திரி நேரம் சிவப்புக் கோடாகத் தீ ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். மரப்பொந்தில் தொங்கும் வௌவாலைப் பற்றி அப்போது யாரும் நினைப்பதில்லை. மாந்தோப்புக்காரரோ, "தொலையட்டும் சனியன்" என்பார். கொஞ்சம் பொறுங்கள்.

வௌவாலில் பழந்தின்னி உண்டு, பூச்சித்தின்னியும் உண்டு. பூச்சித்தின்னி ராத்திரியில் அந்துப்பூச்சியையும் வண்டையும் பிடித்துத் தின்னும். பருத்தியில் காய்ப்புழு, மக்காச்சோளத்தில் படைப்புழு, இவையெல்லாம் அந்துப்பூச்சி இட்ட முட்டையிலிருந்து வந்தவைதானே! பழந்தின்னி இலுப்பை விதையைப் பரப்புகிறது. ராத்திரியில் பூக்கும் இலவம்பஞ்சு மரத்துக்கு மகரந்தம் சுமப்பதும் அதுதான்.

வயதான பொந்து மரத்தில் தீ புகுந்தால் அது புகைபோக்கி மாதிரி எரியும். புகை தாங்காமல் பகலில் வெளியே வரும் வௌவாலைப் பருந்தும் காகமும் அடிக்கும். தாய் பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டிதான் போடும். எலி மாதிரி பெருகாது. லேசான தீக்குப் பிறகு வெட்டவெளியான இடத்தில் சில பூச்சித்தின்னிகள் நன்றாக இரை தேடுவதை அமெரிக்கக் காடுகளில் கண்டிருக்கிறார்கள். ஆனாலும் பகலில் அடைய மரம் வேண்டுமே! "பட்ட மரம்தானே" என்று விறகுக்கு வெட்டுகிறோமே, பல வௌவால்களுக்கு அதுதான் வீடு. காட்டில் அத்தியும் ஆலும் கருகினால், பசி பழந்தின்னியை நம் தோப்புக்கே இறக்கிவிடும்.

நமக்கு வடக்கே உள்ள மேகமலையில் 1948-இல் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் ஒரு பழந்தின்னியைப் பிடித்தார். சாதாரண வௌவால் என்றே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் அது கிடந்தது. 1972-இல்தான் தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா புது இனம் என்று கண்டு, பறவையியல் அறிஞர் சாலிம் அலி பெயரை வைத்தார். உலகிலேயே தென்னிந்திய மேற்கு மலைகளில் மட்டும் உள்ள இனம் இது. 2021-இல் அந்த மலையும் நம் மலையும் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆயின.

முன்பு மற்றப் பழந்தின்னிகள் சட்டத்தில் 'தீங்குயிரி' பட்டியலில் இருந்தன. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள்.

தோப்புக்காரர்களுக்கு: நம் பக்கம் வெடிக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் அடையும் மரத்தடியில் வெடி போட்டால் குட்டி கீழே விழும், கூட்டம் பக்கத்துத் தோப்புக்குப் போகும், அவ்வளவே. முற்றிய காயை மரத்தில் பழுக்க விடாமல் பறியுங்கள். சிறு மரமானால் வலை போடுங்கள். வௌவால் கடித்த பழத்தைத் தின்ன வேண்டாம். மலையடிவாரத்தில் வரப்புப் புல்லுக்குத் தீ வைக்காமல் அறுத்து மாட்டுக்குப் போடுங்கள். மலையில் புகை கண்டால் உடனே வனத்துறைக்கு ஆள் மூலமோ போனிலோ சொல்லுங்கள்.